பரங்கிமலைப் பயிற்சி அதிகாரிகளுக்கு, எதிர் வரிசையில் நின்று கேட்டவன் எழுதும் திறந்த மடல்

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சியை முடிக்கப் போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

பணியில் இருந்திருந்தால் விறைப்பாக நின்று உங்களை 'சாப்' என்று கூப்பிட்டிருப்பேன். இப்போது பென்ஷன்காரன். வயதை வைத்துத் தம்பி, தங்கை என்று உரிமை எடுத்துக்கொள்கிறேன். ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அதிகாரிகள் பேசுவதை எதிர் வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். வெயிலில் கேட்டிருக்கிறேன், பனியில் கேட்டிருக்கிறேன், தூங்கிக்கொண்டே கேட்டதும் உண்டு. பேசியவர்கள் நினைவுக் குறிப்புகளாக எழுதி வைத்தது ஏராளம். கேட்டவர்கள் எழுதியது கொஞ்சம்தான். ஓய்வு பெற்றபின் உலகப் போர் வரலாறுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. அதையும் என் காதால் கேட்டதையும் சேர்த்து உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கொஞ்ச நாளில் பரமேஸ்வரன் மைதானத்தில் கடைசி அணிவகுப்பை முடித்து, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு ஏதோ ஒரு யூனிட்டில் போய் இறங்குவீர்கள். முப்பது பேருக்கு மேல் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் பலர் உங்களைவிட வயதில் மூத்தவர்கள், குண்டுச் சத்தம் கேட்டவர்கள். நிமிர்ந்து நின்று கணீரென்று பேச உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்லதுதான். ஆனால் ராணுவத்தில் பேசுவது கடன் வாங்குவது மாதிரி. நீங்கள் பேசும்போது வரிசையில் நிற்பவன் நம்பிக்கையைக் கொடுக்கிறான். அதைத் திருப்பிக் கட்ட உங்களிடம் கையிருப்பு இருக்கிறதா என்று அவன் அன்றைக்கே கணக்குப் போட்டுவிடுவான். சோறு வந்ததா, கடிதம் வந்ததா, லீவு கிடைத்ததா, ஆபத்து வந்தபோது இவர் எங்கே இருந்தார் என்பதுதான் அந்தக் கணக்கு.

இதைச் சொல்ல எனக்கு இம்பாலைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை. 1944இல் அந்த மலைகளில் ஒரு பக்கம் ஜப்பானியரும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும், மறுபக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையுமாக மோதிக்கொண்டன. அந்தப் படைகளில் இரண்டு பெரிய பேச்சாளர்கள் எதிரெதிர்ப் பக்கம் இருந்தார்கள். இரண்டு பக்கமும் நம் ஆட்கள் இருந்தார்கள்.

முதலில் நேதாஜி. 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்து இறங்கினார். 4ஆம் தேதி கேத்தே அரங்கில் ராஷ் பிகாரி போஸிடமிருந்து கிழக்காசிய இந்தியர்களின் விடுதலை இயக்கத் தலைமையை ஏற்றார். மறுநாள் நகர மண்டபத்துக்கு எதிரே பாடாங் மைதானத்தில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பு. எதிரே நின்றவர்களின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது போர்க் கைதிகளானவர்கள் அவர்களில் நிறையப் பேர். கேப்டன் மோகன் சிங் அமைத்த முதல் ராணுவம் அந்த வருஷ டிசம்பரிலேயே கலைந்து போயிருந்தது. ஒருமுறை நம்பி ஏமாந்த கூட்டம் அது. அப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் வழக்கமான ஆள் எதைச் சொல்வார்? சம்பளம், பதவி, சீக்கிரம் வெற்றி. இவர் சொன்னது: இப்போதைக்கு உங்களுக்கு என்னால் தர முடிந்தது பசி, தாகம், இல்லாமை, ஓயாத நடை, மரணம். இருளிலும் வெளிச்சத்திலும், துக்கத்திலும் மகிழ்ச்சியிலும், துன்பத்திலும் வெற்றியிலும் உங்களோடு இருப்பேன். டெல்லி சலோ.

அந்தப் பசி, தாகம், மரணம் என்ற அடுக்கு அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. 1849 ஜூலை 2ஆம் தேதி, ரோம் நகரம் பிரெஞ்சுப் படையிடம் விழும் நேரத்தில், புனித பேதுரு சதுக்கத்தில் இத்தாலியப் புரட்சி வீரர் கரிபால்டி ஏறக்குறைய இதையேதான் சொன்னார். சம்பளம் இல்லை, தங்க இடம் இல்லை, உணவு இல்லை. பசி, தாகம், ஓயாத நடை, சண்டை, சாவுதான் உண்டு என்றார். சுமார் 4,000 பேர் அவர் பின்னால் போனார்கள். அந்த மாதக் கடைசியில் சான் மரினோ என்ற குட்டி நாட்டை எட்டும்போது அதில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது. நல்ல பேச்சைக் கேட்டுக் கிளம்பி, நடுவழியில் வயிறு காய்ந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவர்களை நான் ஏளனமாக நினைக்க மாட்டேன்.

பாடாங் பேச்சு அதோடு நிற்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பொதுமக்கள் கூட்டம், கொட்டும் மழை. மூன்று லட்சம் வீரர்கள் வேண்டும், மூன்று கோடி டாலர் வேண்டும், சாவுக்கு அஞ்சாத பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவர் இந்துஸ்தானியில் பேசிய கூட்டங்களில் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். மலாயா இந்தியர்களில் பெரும்பான்மை தமிழர்கள், அதிலும் ரப்பர் தோட்டத் தொழிலாளிகள். தோட்டத்தில் துரையும் கங்காணியும் ஏவிய பேச்சை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவனை, ஒரு தலைவர் மேடையில் நின்று 'தோழர்களே' என்று கூப்பிடுகிறார். உன் உயிருக்கு ஒரு நாட்டின் கணக்கில் இடம் உண்டு என்கிறார். சென்னையில் மருத்துவம் படித்து சிங்கப்பூரில் தொழில் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்க, தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பேச்சின் சக்தி என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் முழுக்கப் பேச்சுதான் காரணம் என்று எழுதினால் அது பொய். அதே 1943இல் ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போன தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. ரயில் பாதைக்குப் போவதைவிடப் பட்டாளம் மேல் என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கூட்டத்தில் கை தூக்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு தனிக் காரணம் இருக்கும். உங்கள் பேச்சுக்கே எல்லோரும் மயங்கிவிட்டார்கள் என்று நீங்களும் ஒருநாள் நினைக்கக்கூடும். ஜாக்கிரதை.

இனி எதிர்ப் பக்கம். ஜெனரல் வில்லியம் ஸ்லிம், பிரிட்டிஷாரின் 14ஆவது ராணுவத்தின் தளபதி. அந்த ராணுவத்தில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையும் உண்டு. பட்டாளம் முழுக்க அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். ஸ்லிம் பார்ப்பதற்குக் கட்டையான, தாடை பெருத்த மனிதர். மேடைக்குரிய தோரணை எதுவும் கிடையாது. ஜீப்பின் பானெட் மேல் ஏறி நின்று, சுற்றி எப்படியோ கூடி நிற்கும் சிப்பாய்களிடம் ஆங்கிலத்திலும் உருதுவிலும் கூர்க்காலியிலும் பேசுவார். ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களில் பேசியதும் உண்டு. தேர்தலுக்கு நிற்கும் வேட்பாளர் மாதிரி அலைந்தேன், என்ன, வாக்குறுதி மட்டும் எதுவும் தரவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார்.

என்ன பேசுவார்? சாப்பாடு, சம்பளம், லீவு, பீர், தபால், சண்டை எந்த அளவில் இருக்கிறது என்பது. பேச்சின் பெரும்பகுதி இதுதான். இவற்றைப் பேசி முடித்தபின் கடைசியில் கொஞ்சம் உயர்ந்த விஷயத்தைத் தொட்டால் ஆபத்தில்லை என்பது அவர் கண்டுபிடித்த சூத்திரம். எதிர் வரிசையில் நின்றவனாகச் சொல்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. 'தாய்நாடு' என்று ஆரம்பிக்கும்போது பின்வரிசையில் ஒருவன் போன மாதம் விண்ணப்பித்த லீவை நினைத்துக்கொண்டிருப்பான். முதலில் லீவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அப்புறம் தாய்நாட்டை அவனே கவனிப்பான்.

ஸ்லிம் வெறுமனே பீரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகவில்லை என்பதுதான் முக்கியம். 1943இல் அவர் பொறுப்பேற்றபோது, காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாதான் முதல் எதிரி. மெபாக்ரின் மாத்திரையைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று சிப்பாய்களிடையே வதந்தி இருந்தது. இந்த இடத்தில் வேறு தளபதியாக இருந்தால் மாத்திரையின் மகிமை பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றியிருப்பார். ஸ்லிம் திடீர் ரத்தப் பரிசோதனை வைத்தார். யூனிட்டில் குறைந்தது 95 சதவீதம் பேரின் ரத்தத்திலாவது மருந்து இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கமாண்டிங் ஆபீசருக்கு வேலை போகும். மூன்று பேரை நீக்கினார், அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தடவை அந்த மனிதர் ஜீப் மேல் ஏறி 'உங்கள் உடம்பு எனக்கு முக்கியம்' என்று சொன்னால் சிப்பாய் நம்பாமல் என்ன செய்வான்?

அவருடைய இன்னொரு கதையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கி ஓடிவரும்போது, முகம் தொங்கிப்போன அதிகாரிகளைத் தேற்ற, 'இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்' என்றார். எப்படி என்று ஒருவர் கேட்டார். 'மழை பெய்திருக்கலாம்' என்றார். இரண்டு மணி நேரத்தில் மழை கொட்டியது. தளபதி தன் பேச்சு பல்லிளித்த கதையைத் தானே எழுதி வைத்தார் பாருங்கள், அந்தக் குணம்தான் எனக்குப் பிடித்தது.

சரி, முடிவுக்கு வருவோம். 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை இம்பாலை நோக்கிக் கிளம்பியது. கையில் சுமார் மூன்று வாரத்துக்கான உணவு. இம்பாலைப் பிடித்து அங்கே உள்ள பிரிட்டிஷ் கிடங்குகளில் மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். கிடங்கு கிடைக்கவில்லை. கொஹிமாவில் இருந்த ஜப்பானிய ஜெனரல் சாட்டோ கோட்டோகு, அரிசி கேட்டுச் செய்தி மேல் செய்தி அனுப்பினார். வந்ததெல்லாம் பின்வாங்காதே என்ற உத்தரவு. கடைசியில், எங்கள் வாள்கள் முறிந்தன, அம்புகள் தீர்ந்தன, கசந்த கண்ணீரோடு கொஹிமாவை விட்டுப் போகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டு மேலிடத்து அனுமதி இல்லாமலே தன் டிவிஷனைத் திருப்பிக்கொண்டு போனார். அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ஜப்பானியர்களில் சுமார் 30,000 பேர் அந்தப் படையெடுப்பில் இறந்ததாகக் கணக்கு. பெரும்பாலோர் பசியாலும் நோயாலும். அவர்களோடு போன இந்திய தேசிய ராணுவத்தவருக்கும் அதே கதிதான். குண்டுபட்டுச் செத்தவர்களைவிடப் பட்டினியிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் அதிகம்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். இம்பால் முற்றுகை உடைந்தது 1944 ஜூன் 22. ஜூலை தொடக்கத்தில் ஜப்பானியத் தலைமை படையெடுப்பைக் கைவிட்டது. 'ரத்தம் கொடுங்கள், சுதந்திரம் தருகிறேன்' என்று நேதாஜி பர்மாவில் முழங்கியது ஜூலை 4. சிறு வயதில் பேச்சுப் போட்டிக்கு அந்த வரியை மனப்பாடம் செய்யாத பிள்ளை உண்டா? அதே வாரத்தில் சேற்றிலும் சகதியிலும் ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தவனை எந்தப் பேச்சுப் போட்டியிலும் சொல்வதில்லை. பசியையும் சாவையும் தருவேன் என்று சொன்ன தலைவர் சொன்னதை அப்படியே தந்தார் என்று கசப்பாகக்கூடச் சொல்லலாம். அரிசியும் லாரியும் ஜப்பானியர் கையில் இருந்தன. அவர் கையில் பேச்சு மட்டுமே இருந்தது. தன் கையில் இல்லாததை நம்பி ஆட்களை அனுப்பியது தவறு என்றே நான் நினைக்கிறேன். நேதாஜி படத்தை மாட்டிய வீட்டில் வளர்ந்தவன் இதைச் சொல்கிறேன்.

ஆனால் கையில் இருந்த கடனை அவர் கட்டினார். 1945 ஏப்ரலில் ரங்கூன் விழப்போகிறது. தப்பிப் போகச் சொல்கிறார்கள். ஜான்சி ராணிப் படைப் பெண்களை விட்டுவிட்டுக் கிளம்ப மறுத்தார். 24ஆம் தேதி அவர்களையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மேலே விமானத் தாக்குதல், கீழே சேறு. வண்டிகள் நின்றபின் அவர்களோடு நடந்தார். பூட்ஸைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளம் என்று உடன் நடந்தவர்கள் பிறகு நினைவுகூர்ந்தார்கள். மே மாதம் பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். துன்பத்திலும் உங்களோடு இருப்பேன் என்று பாடாங்கில் சொன்ன வரி இருக்கிறதே, அந்த ஒரு வரிக்காகவே தோட்டத்துக் கிழவிகள் சாகும்வரை அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

படைமுன் பேசும் தலைவன் எதை முன்வைக்க வேண்டும் என்று நம் ஆட்கள் அப்போதே யோசித்திருக்கிறார்கள். புறநானூற்றில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் வஞ்சினப் பாட்டு உண்டு. 'இளையன் இவன்' என்று ஏளனம் செய்தவர்களைச் சிதறடித்துப் பிடிக்காவிட்டால் தனக்கு என்ன தண்டனை என்று அவனே சொல்கிறான். 'குடிபழி தூற்றும் கோலேன் ஆகுக' என்கிறான். என் குடிமக்கள் கொடியவன் என்று அழுது தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வந்தவருக்குக் கொடுக்க இல்லாத வறுமை எனக்கு வரட்டும். பின்வாங்கும் சிப்பாய்க்கு ஒரு தண்டனையும் அதில் இல்லை. தோற்றால் பழி தலைவனுக்கு மட்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஐசன்ஹோவர் நினைவுக்கு வருவார். 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்கும் முன் படைகளுக்கு அவர் விடுத்த கம்பீரமான செய்தியை எல்லோருக்கும் தெரியும். அதே சமயம் ஒரு சின்னக் காகிதத்தில் பென்சிலால் இன்னொன்றும் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தார். தரையிறக்கம் தோற்றால் வெளியிட வேண்டிய அறிவிப்பு அது. படைகள் தம்மால் முடிந்ததையெல்லாம் செய்தன, பழி ஏதாவது இருந்தால் அது என் ஒருவனுடையது என்று முடிகிறது. அது தேவைப்படவில்லை. பதற்றத்தில் ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை என்று தேதி போட்டிருந்தார், பாவம்.

கௌடில்யர் வேறு மாதிரி ஆள். அவருடைய அர்த்தசாஸ்திரத்தில், போருக்கு முன் அரசன் படையைக் கூட்டி, 'நானும் உங்களைப் போலச் சம்பளம் வாங்குகிறவன்தான், இந்த நாட்டை உங்களோடு சேர்ந்துதான் அனுபவிக்க வேண்டும்' என்று சொல்ல வேண்டும். அடுத்துச் சேனாபதி வந்து, எதிரி அரசனைக் கொன்றால் லட்சம் பணம் என்று தொடங்கிப் பரிசுப் பட்டியலை அறிவிப்பார். உருக்கத்துக்கு அரசன், ரூபாய்க்குச் சேனாபதி! சிரிப்பு வருகிறது, ஆனால் மனிதர் படையை அறிந்தவர்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கடினமானது. உங்கள் பேச்சை நீங்கள் உற்சாகம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கேட்பவன் அதை உத்தரவு என்று எடுத்துக்கொள்வான். 1943 கோடையில் சிசிலித் தீவுக்குப் புறப்படும் முன் அமெரிக்காவின் 45ஆவது டிவிஷன் அதிகாரிகளிடம் ஜெனரல் பேட்டன் பேசினார். அவருடைய பேச்சுகள் பெயர் பெற்றவை. கெட்ட வார்த்தையும் வீராப்புமாக அனல் பறக்கும். நெருங்கிப் போகும்வரை சுட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கை தூக்குகிறவனுக்கு இரக்கம் காட்டாதே என்கிற தொனியில் அன்றைக்குப் பேசியதாகச் சாட்சிகள் பிறகு சொன்னார்கள். ஜூலை 14ஆம் தேதி பிஸ்காரி விமானத் தளத்தருகே அந்த டிவிஷனைச் சேர்ந்தவர்கள் இரண்டு தனித்தனிச் சம்பவங்களில் 70க்கும் மேற்பட்ட இத்தாலிய, ஜெர்மன் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அத்தனை பேரும் ஆயுதம் இல்லாதவர்கள்.

ஒரு சம்பவத்தில் சுட உத்தரவிட்ட கேப்டன் காம்ப்டன் ராணுவ நீதிமன்றத்தில் சொன்ன வாதம், ஜெனரலின் பேச்சை நான் உத்தரவாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்பது. அவர் விடுதலையானார். இன்னொரு சம்பவத்தில் சுட்ட சார்ஜெண்ட் வெஸ்ட்டுக்கு ஆயுள் தண்டனை. ஒரு வருஷம் போல உள்ளே இருந்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகத் திரும்பினார். பேட்டன் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. அவருடைய புகழ் இன்றைக்கும் குறையவில்லை. அதிகாரியின் நாக்கிலிருந்து வந்த சொல்லுக்கு சார்ஜெண்டின் தலையில் ஆயுள் தண்டனை. ஹவில்தாராக இருந்தவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1900 ஜூலை 27, சீனாவுக்குக் கப்பலேறும் ஜெர்மன் படையிடம் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம், மன்னிப்பு கிடையாது, கைதி பிடிக்காதீர்கள், பழங்காலத்தில் எல்லோரையும் நடுங்க வைத்த ஹூணர்களைப் போலப் பெயர் எடுங்கள் என்று பேசினார். பதறிய அமைச்சர் திருத்திய வடிவத்தை வெளியிடப் பார்த்தார். ஒரு பத்திரிகைக்காரர் முழுப் பேச்சையும் அச்சிட்டுவிட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை எதிரிகள் 'ஹூணர்' என்றே திட்டினார்கள். வசவை எடுத்துக் கொடுத்தவர் அவர்களுடைய சொந்தப் பேரரசர்.

நேர் எதிரான பேச்சு ஒன்று. 2003 மார்ச் 19, குவைத் பாலைவனம். ராயல் ஐரிஷ் பட்டாலியன் மறுநாள் ஈராக்குக்குள் போக வேண்டும். கமாண்டிங் ஆபீசர் டிம் காலின்ஸ் கையில் குறிப்பு இல்லாமல் பேசினார். விடுவிக்கப் போகிறோம், பிடிக்கப் போகவில்லை, அவர்கள் நாட்டில் நம் கொடியை ஏற்ற மாட்டோம் என்றார். ஏதேன் தோட்டமும் ஊழிவெள்ளமும் ஆபிரகாமின் பிறப்பும் நிகழ்ந்த மண் அது, மெதுவாகக் கால் வையுங்கள் என்றார். தேவையில்லாமல் உயிர் எடுப்பவன், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் அடையாளத்தோடு வாழ வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தார். படம் பிடித்தவர் யாரும் இல்லை. ஒரு பத்திரிகையாளர் சுருக்கெழுத்தில் குறித்ததால் நமக்குக் கிடைத்தது. அந்தப் போருக்குச் சொன்ன காரணமே பொய்த்துப் போனது வேறு கதை. பட்டாலியன் தலைவர் அதை மாற்ற முடியாது. தன் ஆட்களின் கை எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதை அவரால் சொல்ல முடியும், சொன்னார்.

மானெக்‌ஷா இல்லாமல் உங்களுக்கு எழுதினால் பாதி மடல்தான். 1962இல் சீனாவிடம் தோற்றபின் தேஜ்பூரில் 4ஆவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் பொறுப்பை ஏற்றபோது அவர் பேசியதாக எல்லா மெஸ்ஸிலும் சொல்லும் வரி: 'நான் வந்துவிட்டேன். எழுத்துமூல உத்தரவு இல்லாமல் இனிப் பின்வாங்கல் கிடையாது. அந்த உத்தரவு ஒருபோதும் வராது.' உங்களில் பலருக்கு இது மனப்பாடமாக இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்வாங்கக் கூடாது என்ற அதே சொல்லைத்தான் சாட்டோவுக்கும் அவருடைய மேலதிகாரிகள் அனுப்பினார்கள். சொல் ஒன்றுதான், சாட்டோவின் ஆட்களுக்கு அரிசி வரவில்லை. மானெக்‌ஷா அதே ஆள்தான் 1971 ஏப்ரலில் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும், படை இன்னும் தயாராகவில்லை, இப்போது போனால் தோற்போம் என்று நேருக்கு நேர் சொன்னார். கீழே உள்ளவனிடம் வீராப்பும் மேலே உள்ளவரிடம் 'எஸ் சார்' என்றும் பேசுகிற அதிகாரியைச் சிப்பாய் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

அந்த வருஷ டிசம்பரில் மானெக்‌ஷா எதிரியான பாகிஸ்தான் சிப்பாய்களிடமும் பேசினார், வானொலியிலும் துண்டுப் பிரசுரத்திலும். சுற்றி வளைக்கப்பட்டுவிட்டீர்கள், சரணடைந்தால் ஜெனீவா ஒப்பந்தப்படி மரியாதையோடு நடத்தப்படுவீர்கள் என்று. டிசம்பர் 16ஆம் தேதி சரணடைந்து கைதியானவர்கள் சுமார் 93,000 பேர். அவர் பேச்சா, படையின் நெருக்கடியா என்று கேட்டால் இரண்டாவதுதான் பெரிது. ஆனால் செத்தாலும் சரி என்று நிற்கிறவனுக்கு வெளியே வர ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறந்தது சொல்தான்.

மொழியைப் பற்றியும் கொஞ்சம். பீகாரிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த நீங்கள் மதராஸ் ரெஜிமெண்டுக்குப் போகலாம். மதுரைப் பிள்ளை சீக்கியப் பட்டாலியனுக்குப் போகலாம். தன் ஆட்களின் மொழியை அதிகாரி கற்க வேண்டும் என்பது நம் ராணுவத்தில் வழிவழியாக வரும் பழக்கம். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரோல் காலில் ஒரு வடநாட்டு லெப்டினன்ட் 'சாப்டாச்சா?' என்று தடுமாறிக் கேட்டால் வரிசையே சிரிக்கும், அன்றிரவு பாரக்கில் அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேச்சு ஓடும். 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற முழக்கத்தை ஓடும்போது மூச்சிரைக்க அவர்களோடு சேர்ந்து கத்துங்கள். அதைவிட நீளமான உரை தாக்குதல் நேரத்தில் தேவைப்படாது.

நான் கேட்ட பேச்சுகளில் மனதில் நின்றது ஒன்றே ஒன்று. பேசியவர் ஓர் இளம் கேப்டன். பனிப் பாதையில் கான்வாய் கிளம்ப வேண்டும். 'நேற்று இரண்டு வண்டி மாட்டிக்கொண்டது. இன்றைக்கு நம்முடையதும் மாட்டலாம். மாட்டினால் இறங்காதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், முதல் வண்டியில் நான் இருக்கிறேன்.' அவ்வளவுதான். வண்டி மாட்டவும் செய்தது. நாட்டுப்பற்றைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் சொல்லியிருந்தால் நாங்கள் அந்தப் பாதையில் நடந்தே போயிருப்போம்.

பயிற்சியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடாங் உரையைப் படிக்க வைக்கிறீர்களா, ரங்கூனிலிருந்து நடந்த நடையையும் சேர்த்துப் படிக்க வையுங்கள். பேட்டனின் பேச்சைப் போட்டுக் காட்டினால் பிஸ்காரி வழக்கையும் பக்கத்தில் வையுங்கள். பேச்சுக்கு மதிப்பெண் போடும்போது மேடைக்கு எதிரே நாலு நாயக், ஹவில்தார்களை உட்கார வைத்து, என்ன புரிந்தது என்று அவர்களைக் கேளுங்கள். அதிகாரி தன் ஆட்களைக் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனில் சிப்பாய் கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு என்பது விதி. கேள்வி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு வருவதும் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

தம்பி, தங்கைகளே, உங்கள் பிளட்டூனில் முதல் தடவை பேசி முடித்த அன்று சாயங்காலம் உங்கள் சுபேதாரிடம் போய், எப்படி இருந்தது என்று கேளுங்கள். 'ரொம்ப நன்றாக இருந்தது சாப்' என்பார். டீ வாங்கிக் கொடுத்து இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்